பனையில் தேறிய கருவிகள்

தேக்கில் வைத்துப் பார்த்தால் எந்த உளியும் நல்ல உளிதான். அதே உளியைப் பனங்கையில் வைத்து இரண்டு அடி அடித்தால் அதன் வண்டவாளம் தெரிந்துவிடும். சாயர்புரம் பக்கம் மரவேலைக்கு இறங்குகிற எவரும் என்றைக்காவது ஒரு நாள் பனையோடு மல்லுக்கட்டித்தான் ஆகவேண்டும். பழைய ஓட்டு வீட்டின் கைமரம், தொழுவத்துத் தூண், கிணற்றடிக் குறுக்குக்கட்டை என்று ஏதாவது ஒரு வடிவத்தில் அது பட்டறைக்கு வந்து சேரும். அதனால் இந்த விமர்சனத்துக்கு என் அளவுகோல் ஒன்றே ஒன்று: எந்தக் கருவி பனைக்கு முன்னால் நின்று, கொடுத்த காசுக்கு உழைத்தது?

பனை ஏன் இப்படிப் படுத்துகிறது என்பதைச் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். தென்னை, மூங்கில் மாதிரி இதுவும் ஒருவித்திலைத் தாவரம். ஆண்டு வளையம் கிடையாது. வெளிவட்டத்தில் கறுப்பு நார்க்கற்றைகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும், உள்ளே போகப்போகச் சோறு. நாருக்குப் பக்கத்திலேயே கண்ணுக்குத் தெரியாத சிலிக்கா மணிகள் ஒட்டியிருக்கும். பனைக் குடும்பம் முழுவதற்கும் இருக்கிற குணம் இது. மணலில் இருக்கிற அதே சிலிக்காதான். உளியின் வாய் ஒவ்வொரு சீவலிலும் அந்த மணிகளில் உரசிக்கொண்டே போகிறது. அதோடு நார் கடினம், இடையில் இருக்கும் சோறு மெது. முனை மழுங்கிய உளி சோற்றை நசுக்கிவிட்டு நாரைப் பிய்த்து எடுக்கும். கையில் சிலாம்பு ஏறினால் அன்றைக்கு வேலை முடிந்தது.

புதுப்பனை இப்போது அவ்வளவாக வருவதில்லை, வரவும் கூடாது. 1978-லிருந்து பனை நம் மாநில மரம். 2021-ல் வேளாண்மைக்கென்று தனி நிதிநிலை அறிக்கை போட்டபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். நல்ல முடிவு. அதனால் என் பட்டறைக்கு வருவது பெரும்பாலும் இடித்த வீட்டு மரம். அதனுடன் பழைய கதவு, நிலை, பள்ளிக்கூடத்து பெஞ்சு. சாமுவேல் சாயர் என்ற வணிகர் 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலம் வாங்கிக் கொடுத்ததால் உருவான ஊர் இது. 1840-களில் ஜி.யு.போப் இங்கே தங்கிப் பாடம் நடத்தியதிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் பஞ்சமில்லை. பள்ளிக்கூடம் இருந்தால் ஆட்டம் கண்ட பெஞ்சு இருக்கத்தானே செய்யும்! பக்கத்தில் நாசரேத்தில் 1878-ல் கேனன் மர்காஷிஸ் தொடங்கிய கலைத் தொழிற்பள்ளியில் தச்சு வேலையும் கொல்லு வேலையும் சொல்லிக் கொடுத்தார்கள். கருவியைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னால் திருத்துவதற்கு ஆள் இருக்கிற சுற்றுவட்டாரம் இது. அந்தப் பயத்தோடுதான் எழுதுகிறேன்.

கொடுத்த காசுக்கு மேல் உழைத்தவற்றில் முதலிடம் மோட்டார் இல்லாத ஒன்றுக்கு: வைரத்தூள் பதித்த தீட்டுத்தகடு. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 கிரிட். ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான் விலை. இதற்கு முன் எல்லாரையும் போலக் கார்போரண்டம் கல்தான் வைத்திருந்தேன். கல்லில் குறையில்லை, எண்ணெய் விட்டுத் தீட்டினால் வாய் நன்றாகவே வரும். ஆனால் அகலமான இழைப்புளித் தகட்டையும் கால் அங்குல உளியையும் ஒரே கல்லில் தீட்டிக்கொண்டிருந்தால் நடுவில் குழி விழும். குழி விழுந்த கல்லில் தீட்டிய உளியின் வாய் நேராக இருக்காது, லேசாக வளையும். அந்த உளியால் துளைச் சுவரைச் செதுக்கினால் கழுந்து ஓர் ஓரம் மட்டும் இறுகி, மறு ஓரத்தில் வெளிச்சம் தெரியும். கல்லைத் தட்டையாக்கவே தனியாக நேரம் ஒதுக்கவேண்டும். வைரத்தகடு குழி விழாது. எண்ணெய் வேண்டாம், கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். தீட்டி முடித்ததும் துடைத்துக் காயவைத்துவிட வேண்டும், உப்புக்காற்று அடிக்கிற ஊரில் ஈரத்தோடு விட்டுவைக்கக் கூடாது.

தீட்டும் கோணம் பற்றி ஒன்று சொல்லவேண்டும். புத்தகங்களிலும் கடை அட்டையிலும் 25 டிகிரி என்று போட்டிருக்கும். தேக்குக்கும் பலாவுக்கும் அது சரி. பனைக்கு அந்தக் கோணத்தில் தீட்டினால் வாய் நொறுங்கும். நுனியில் மட்டும் ஒரு மயிரிழை அளவு 30 டிகிரிக்குத் தீட்டிக்கொண்டால் நிற்கிறது. கருவேலத்துக்கும் அப்படியே. கடைசியில் பிசிறை எடுக்க, பழைய பெல்ட் தோலைப் பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேய்த்து வைத்திருக்கிறேன். உளியை அதில் பின்னோக்கி இழுத்தால் போதும். முழங்கை மயிரை வழிக்கிற கூர்மை வந்துவிடும். இந்த ஏற்பாடு மொத்தமும் ஒரு சுமாரான டிரில் மெஷின் விலையில் பாதிகூட வராது. வேறு எதுவும் வாங்கக் காசில்லை என்றால் இதை மட்டும் வாங்குங்கள் என்று யாரிடமும் தயங்காமல் சொல்வேன்.

அடுத்து உளி. இரண்டு வகை வைத்திருக்கிறேன். கம்பெனி உளி ஒரு செட், கொல்லன் பட்டறையில் லாரிப் பட்டாவை அடித்துச் செய்த உளி சில. லாரிப் பட்டா என்பது ஸ்பிரிங் எஃகு. அதில் கார்பன் 0.5 முதல் 0.6 சதவீதம்தான் இருக்கும். வாய் நிற்பதற்கு அது கொஞ்சம் குறைவு, அடி தாங்குவதற்கு அதுதான் பலம். பனையிலும் கருவேலத்திலும் கொட்டாப்புளியால் ஓங்கி அடித்துத் துளை போட இதைவிட நம்பகமான உளி எனக்குக் கிடைக்கவில்லை. வாய் மடங்குமே தவிர உடையாது. மடங்கியதைத் தகட்டில் நாலு இழுப்பு இழுத்தால் சரியாகிவிடும். தேக்கில் நுட்பமாகச் சீவுகிற வேலைக்குக் கம்பெனி உளிதான் வசதி, அதன் முதுகு தட்டையாக இருக்கும், பிடியும் கையில் படியும். பட்டா உளியில் பதம் வைக்கிற கைதான் எல்லாம். ஒரே கொல்லரிடம் வாங்கிய இரண்டு உளிகூட ஒன்றுபோல் இராது. வாங்கும்போதே ஒரு துண்டுப் பனையைக் கையோடு கொண்டுபோய் அடித்துப் பாருங்கள், கொல்லர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பட்டறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உதவும் மூத்த ஆசாரி ஒருவர் இருக்கிறார். என் புது மெஷின்களைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார், எதையும் தாழ்த்திப் பேச மாட்டார். “மெஷினு வெட்டும் தம்பி, நல்லாவே வெட்டும். ஆனா மூலைமட்டம் கோணிப்போச்சுன்னா அது கோணலாத்தாம் வெட்டும், ஆனா வேகமா வெட்டும்” என்றார் ஒரு நாள். அவர் சொன்ன பிறகுதான் மூலைமட்டத்தைச் சோதிக்கிற வழக்கம் எனக்கு வந்தது. நேரான விளிம்புள்ள பலகையில் மட்டத்தை வைத்து ஒரு கோடு, அதே இடத்தில் மட்டத்தைத் திருப்பிப்போட்டு இன்னொரு கோடு. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவேண்டும். நடுவில் கீற்றளவு இடைவெளி விரிந்தாலும் அந்த மட்டம் வேலைக்காகாது. கடையில் நின்றே இந்தச் சோதனையைச் செய்யலாம். மலிவான மட்டங்களில் பல தேறுவதில்லை. நகரும் தலையுள்ள காம்பினேஷன் ஸ்கொயர் ஒன்று கொஞ்சம் விலை கொடுத்து வாங்கினேன். கோடு போட, ஆழம் பார்க்க, 45 டிகிரி பிடிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். நாள் முழுக்கச் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

கிளாம்ப் விஷயத்தில் தூத்துக்குடி ஹார்டுவேர் கடைகளுக்கு நன்றி சொல்லவேண்டும். பெஞ்சுப் பலகையை அகலவாக்கில் ஒட்ட நாலடி கிளாம்ப் தேவைப்படும். முழு இரும்பில் செய்த நீளக் கிளாம்ப் ஒன்றின் விலைக்கு, பைப்பில் மாட்டுகிற தலையும் தாடையும் மட்டும் பல ஜோடி கிடைக்கின்றன. முக்கால் அங்குல ஜி.ஐ. பைப்பை வேண்டிய நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையில் மரை போட்டுத் தரச் சொன்னால் பிளம்பிங் கடையிலேயே போட்டுத் தருவார்கள். “எதுக்கு அண்ணாச்சி இத்தனை பைப்பு, மாடிக்கு டேங்க் வைக்கியளா?” என்று கடைப்பையன் கேட்டான். ஃபெவிகால் போட்டு இறுக்கி, இரவு முழுக்க அப்படியே விட்டுவிட வேண்டும். தற்காலிகமாக ஆணியடித்துப் பிடித்த ஒட்டுக்கும் கிளாம்பில் இறுக்கிய ஒட்டுக்கும் வித்தியாசம் அடுத்த கோடையில் தெரியும். நாகப் பூச்சு தேய்ந்த இடத்தில் பைப்பின் இரும்பு ஈரப் பசையோடு சேர்ந்தால் தேக்கில் கறை பிடிக்கும், இடையில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துவிடுங்கள்.

பழைய மரம் வாங்குகிறவர்களுக்கு உயிர்நாடியான கருவி ஒன்று உண்டு, அதன் அருமை வாங்கிய பிறகே தெரியும். சுவருக்குள் ஒயர் தேட எலக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் உலோகத் துப்பறிவான், அதாவது டிடெக்டர். இடித்த வீட்டுக் கைமரத்தில் தலைமுறை தலைமுறையாக அடித்த ஆணி இருக்கும். தலை முறிந்து உள்ளே புதைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. கழித்துப்போட்ட தோணியின் பலகை கிடைத்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப்போகிற நம் தோணிகள் ஆணியால் நிறைந்தவை. வாளில் இருக்கும் கார்பைடு பல் மிகவும் கடினம், அதனாலேயே ஆணியில் மோதினால் சில்லாகத் தெறிக்கும். தெறித்த சில்லு எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. வலுவான காந்தத் துண்டு நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், நூலில் கட்டித் தொங்கவிட்டுத் தடவினால் இரும்பு ஆணி இழுத்துக் காட்டிவிடும். செம்பும் பித்தளையும் காந்தத்துக்குச் சிக்காது. அதற்குத்தான் டிடெக்டர். ஒரு வாள்தகட்டைக் காப்பாற்றினாலே போட்ட பணம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஈரமானியையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். துறைமுகத்தில் இறங்கும் வெளிநாட்டு மரம் அறுவை ஆலை வழியாக நம்மிடம் வரும்போது மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும். இரண்டு ஊசி உள்ள ஈரமானியைப் புதிதாக அறுத்த முகத்தில் குத்திப் பார்க்கவேண்டும், காய்ந்த பழைய முகத்தில் பார்த்தால் ஏமாற்றும். 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்தால் மேசைக்கும் கதவுக்கும் எடுக்கலாம். அதிகமாக இருந்தால் நிழலில் அடுக்கி, இடையில் ரீப்பர் வைத்துக் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. பனைக்கு இந்தக் கருவி காட்டும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம், ஊசி நாரில் விழுந்தால் ஒரு கணக்கு, சோற்றில் விழுந்தால் வேறு கணக்கு.

மோட்டார்க் கருவிகளில் முதலில் வாங்கவேண்டியது பேட்டரி இம்பாக்ட் டிரைவர் என்பேன். 12 வோல்ட் என்று எழுதியிருப்பது மூன்று செல், ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், ஆக 10.8. முழு சார்ஜில்தான் 12-ஐத் தொடும். 18 வோல்ட் என்றால் ஐந்து செல். வீட்டு வேலைக்கும் பெஞ்சு பழுதுக்கும் 12 தாராளம். சாதாரண டிரில்லில் நீளமான திருகாணியைப் பனைக்குள் இறக்கினால் மெஷின் மணிக்கட்டைத் திருகும், அல்லது திருகாணியின் தலை வழுக்கிப்போகும். இம்பாக்டில் சுற்றோடு சேர்த்துச் சிறுசிறு அடியும் விழுவதால் கை முறுக்குவதில்லை. ஆனால் முன்துளை போடாமல் இறக்கிவிடலாம் என்ற ஆசை வேண்டாம். பனை இடம் கொடுக்காது, திருகாணி நடுவில் முறியும். மின்சாரம் நின்றுபோன மதியத்திலும் வேலை ஓடும் என்பது நம் பக்கத்தில் சின்ன சலுகை இல்லை.

பிளானர் எல்லாக் கம்பெனியிலும் பெரும்பாலும் 82 மில்லிமீட்டர் அகலம்தான். நான் பார்ப்பது தகட்டை மட்டுமே. சாதாரண ஹைஸ்பீடு எஃகுத் தகடு பனங்கை ஒன்றை இழைத்து முடிப்பதற்குள் முனகத் தொடங்கும், மரத்தில் கோடு கோடாக வரி விழும். இருபுறமும் வாய் உள்ள கார்பைடு தகடு மாட்டுகிற பிளானராகப் பார்த்து வாங்குங்கள். ஒரு வாய் போனால் திருப்பிப்போட்டுக்கொள்ளலாம். ஒரு தடவைக்கு அரை மில்லிமீட்டருக்கு மேல் எடுக்காதீர்கள், நார் பிளந்து வரும். கடைசிச் சீவலை எப்போதும் கை இழைப்புளிக்கே விட்டுவைக்கிறேன். பிளானர் விடும் சிற்றலை மேடுகள் பாலிஷ் ஏறியதும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும்.

எதிர்பார்த்த அளவு உதவாதவையும் உண்டு. இழுக்கும்போது வெட்டும் ஜப்பானிய வாள் தேக்கில் அற்புதம். தகடு மெல்லியது, கோடு கத்தியால் கீறியதுபோல் விழும், கழுந்து வெட்ட அதற்கு இணையில்லை. தரையில் உட்கார்ந்து காலால் மரத்தைப் பிடித்து வேலை செய்கிற நம்மவர்களுக்கு இழுப்பு வாள் சட்டென்று கைவரும். ஆனால் அதன் பல் மின்சூட்டில் கடினமாக்கியது. அரத்தால் தீட்ட முடியாது, பனை நாரில் மாட்டினால் உதிரும். தேக்குக்கென்று ஒதுக்கி வைத்தால் காசு வசூல், எல்லா மரத்துக்கும் என்று வாங்கினால் நஷ்டம். அதேபோல ட்ரிம்மருக்கு ஒரு பெட்டி நிறைய பிட் வாங்குவதும் வீண். நேர் பிட் ஒன்று, விளிம்பு உருட்டும் பிட் ஒன்று, பேரிங் உள்ள பிட் ஒன்று. மூன்றை நல்ல தரத்தில் வாங்கினால் மற்றவை பெட்டியிலேயே துருப்பிடிக்கும்.

இப்போது நான் மிகவும் கவலையோடு சொல்ல வேண்டிய இடத்துக்கு வருகிறேன். நம் ஊர்களில் மரம் அறுக்க மிக அதிகமாகப் பயன்படுவது 110 மில்லிமீட்டர் மார்பிள் கட்டர். கல் அறுக்கச் செய்த மெஷினில் மரப்பல் தகட்டை மாட்டிக்கொள்கிறார்கள். விலை குறைவு, எடை குறைவு, ஒரு கையில் பிடிக்கலாம், எந்தக் கடையிலும் கிடைக்கும். இத்தனை வசதி இருக்கும்போது யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது நிமிடத்துக்கு 12,000 சுற்று அளவில் ஓடுகிறது. பல்லின் நுனி விநாடிக்குக் கிட்டத்தட்ட 70 மீட்டர், மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம். கல்லை அறுக்கும் தகட்டில் பல் கிடையாது, அது தேய்த்துத்தான் வெட்டும். மரப்பல் மாட்டியதும் கதை மாறுகிறது. பல் நாரில் மாட்டினால் மெஷின் கையை மீறிப் பின்னால் எகிறும். வெட்டி முடித்ததும் தானாக மூடிக்கொள்ளும் கீழ்மூடி அதில் இல்லை. சுற்றிக்கொண்டிருக்கும் தகட்டோடு தொடையருகே இறக்குகிறோம். தச்சுத் தொழிலில் இருக்கும் பலரின் கைகளைப் பார்த்தாலே தெரியும்.

மரத்துக்கென்றே செய்த சர்குலர் சா விலை இரண்டு மூன்று மடங்கு வரும். நான் வைத்திருப்பது 1400 வாட், 184 மில்லிமீட்டர் தகடு, நிமிடத்துக்கு 5,500 சுற்று. நேராக வைத்தால் 70 மில்லிமீட்டர் ஆழம் வெட்டும், ஒரு முழுப் பனங்கையை ஒரே ஓட்டத்தில் அறுத்துவிடும். மரத்தை விட்டு எடுத்த கணமே கீழ்மூடி சட்டென்று இறங்கி மூடுகிறது. இரண்டு கைக்கும் பிடி இருக்கிறது. இந்தப் பட்டியலில் நான் அதிகப் பணம் போட்டது இதில்தான், ஒரு ரூபாய்கூட வீண் என்று நினைத்ததில்லை. நீளவாக்கில் அறுக்க 24 பல் தகடு, குறுக்கே அறுக்க 40 பல். பனையைக் குறுக்கே அறுக்கும்போது கோட்டின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொண்டால் பிசிறு பாதியாகக் குறையும்.

1400 வாட் என்றால் 230 வோல்ட்டில் சுமார் 6 ஆம்பியர். வீட்டு 5 ஆம்பியர் பிளக்கில் மாட்டக் கூடாது, பவர் பிளக்கில்தான் மாட்டவேண்டும். எக்ஸ்டென்ஷன் ஒயரில் மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். நீளமான மெல்லிய ஒயரில் வோல்டேஜ் இறங்கி மோட்டார் திணறும், சூடாகி வைண்டிங் போகும். 2.5 ஸ்கொயர் எம்எம் மூன்று கோர் ஒயரை வாங்கி, சுருட்டி வைக்காமல் முழுசாக விரித்துப் பயன்படுத்துங்கள். கண்ணாடியும் முகமூடியும் மெஷின் வாங்குகிற அன்றே வாங்கவேண்டியவை. பனந்தூள் தொண்டையில் அரிக்கும், கண்ணில் விழுந்தால் எளிதில் வராது.

உப்புக்காற்றுக்கு நான் செய்வது அதிகமில்லை. தையல் மிஷின் எண்ணெய் நனைத்த துணியால் இரவு ஒரு துடைப்பு, இழைப்புளியைத் தரையில் வைக்காமல் பலகைமேல் வைப்பது, அவ்வளவுதான். மோட்டார்க் கருவிகளுக்கு வாங்கும்போதே கார்பன் பிரஷ் ஒரு ஜோடி சேர்த்துக் கேட்டு வாங்கிவிடுங்கள், சில பத்து ரூபாய்தான் ஆகும். பக்கவாட்டு மூடியைத் திருப்புளியால் கழற்றினால் பிரஷ் வெளியே வரும். சில கம்பெனிகளின் பிரஷ்ஷில் தேய்மானக் கோடு போட்டிருக்கும். அதுவரை தேய்ந்ததும் பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் சேர்த்தே மாற்றவேண்டும். மெஷின் போச்சு என்று சொல்லித் தெருவில் பழைய இரும்புக்குப் போடப்படும் டிரில்களில் பலவற்றுக்கு இது ஒன்றுதான் தேவைப்பட்டிருக்கும்.